சக்கர வீடு – 6. பின்படுக்கையில் யாரும் இல்லை

மேல்கோட்டையிலிருந்து கிளம்பிய பிறகு வண்டிக்குள் யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. பின்னால் திரைக்கு அந்தப் பக்கம் சொர்ணலதா தலைவலியோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்படித்தான் மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கரும்புக் காடு, வாய்க்கால், வெல்லம் காய்ச்சும் ஆலையின் புகை என்று சாலையின் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. பிரசாந்த் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெங்களூரில் வாடகைக்கு எடுத்த வண்டி. டெம்போ டிராவலரின் உட்புறத்தை வீடாக மாற்றியிருந்தார்கள். அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, கட்டில், கழிவறை எல்லாம் உண்டு. அப்பா கந்தசாமி ஓய்வு பெற்றதைக் கொண்டாட மகன் பிரசாந்த் போட்ட திட்டம் இது. கொள்ளேகாலத்து வீட்டு வாசலில் இந்த வண்டி வந்து நின்ற நாளில் தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

கந்தசாமி அன்றைக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "எங்கெ வேணும்னாலும் போலாம். மைசூரு ஊருக்குள்ள மட்டும் வண்டி நொழையக்கூடாது. ரிங் ரோட்டுலயே தாண்டிரணும்."

காரணம் எல்லாருக்கும் தெரியும். மைசூரில் ஜீவிதா இருக்கிறாள்.

அவருடைய ஒரே மகள். சொந்த அக்கா ராணியின் மகன் மதனுக்குத்தான் கட்டிக்கொடுத்தார். மதன் குடிக்கிறவன் இல்லை, கை நீட்டுகிறவனும் இல்லை. ஆனால் ஒரு சின்ன மனத்தாங்கல் வந்தால் மாதக்கணக்கில் பெண்டாட்டியோடு ஒரு வார்த்தை பேசமாட்டான். ஜீவிதா பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் பெட்டியோடு வெளியே வந்துவிட்டாள். அன்றோடு ராணி தம்பியிடம் பேசுவதை நிறுத்தினாள். கந்தசாமி மகளிடம் பேசுவதை நிறுத்தினார்.

நேற்று சிரவணபெலகொளாவில், குன்றிலிருந்து இறங்கும்போது, சொர்ணலதா மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, மைசூருல ஒரு மணி நேரம் நிறுத்துனா என்னங்க?"

"நிறுத்துனா நான் எறங்கி பஸ்ஸு புடிச்சு ஊருக்குப் போயிருவேன்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

ஸ்ரீரங்கபட்டணம் நெருங்கியது. பாலத்துக்கு முன்னால் ஒரு காபிக்கடை ஓரமாக பிரசாந்த் வண்டியை நிறுத்தினான். கந்தசாமிக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. சண்டையை எப்படி முடிப்பது என்று அவருக்கு எப்போதுமே தெரியாது. காபி வாங்கிக்கொடுத்து முடிப்பார்.

"சொர்ணா, காவேரி வந்துருச்சு. எந்திரி. ஒரு காபி குடிச்சுட்டு வேணும்னா மறுபடியும் கோவிச்சுக்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்த் திரையை விலக்கினார்.

கட்டிலில் இரண்டு தலையணைகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றின் மேல் போர்வை கிடந்தது.

"சொர்ணா?"

கழிவறைக் கதவைத் தட்டினார். அது திறந்தே இருந்தது. உள்ளே யாரும் இல்லை.

ஸ்வாதி காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினாள். "மாமா, என்னாச்சு?"

"அத்தை எங்கெ?"

"உள்ளதானே படுத்திருக்காங்க? நான்தானே திரையை இழுத்து விட்டேன்…" மருமகளின் குரல் பாதியிலேயே நின்றது.

பிரசாந்த் அம்மாவின் நம்பரை அழுத்தினான். அடுப்புக்கு மேலே சார்ஜில் கிடந்த போன் பாடத் தொடங்கியது.

மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"காலையில டேங்க் நெறஞ்சுருச்சு, உள்ள போகாதீங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றான் பிரசாந்த். "அம்மா வெளிய பாத்ரூம் போயிருக்கும். நாம பாக்காம வந்துட்டோம்."

கந்தசாமி கட்டிலில் அப்படியே உட்கார்ந்தார். "இல்ல. அவ வேணும்னே எறங்கிட்டா. நேத்து நான் சொன்னதுக்கு."

"அப்பா, அப்படியெல்லாம் இல்லப்பா."

"வண்டியத் திருப்புடா."

அந்த நீள வண்டியைத் திருப்புவதற்குள் பிரசாந்துக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. ஸ்வாதி ஒவ்வொரு சொந்தக்காரருக்காகப் போன் போட்டு அவன் காதில் வைத்தாள். கொள்ளேகாலத்துச் சித்தப்பா, கௌதள்ளி பெரியம்மா என்று ஒருவர் விடாமல் எல்லாரிடமும், "அம்மாவைக் காணோம், உங்களுக்கு ஏதாச்சும் போன் வந்துச்சா?" என்று கேட்டான். யாருக்கு என்று பார்க்காமல் பதற்றத்தில் ராணி அத்தைக்கும் போய்விட்டது. அத்தை எடுத்தாள், கேட்டாள், ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

திரும்பும் வழி முழுக்கக் கந்தசாமி சாலையோரம் நடக்கிற ஒவ்வொரு பெண்பிள்ளையையும் உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

*

சொர்ணலதா வேண்டுமென்றே இறங்கவில்லை. தலைவலியோடு படுத்திருந்தவள், மற்றவர்கள் வண்டிக்கு வெளியே இருந்த நேரத்தில், போர்வையைத் தலையணைகள்மேல் தள்ளிவிட்டுக் கழிப்பிடம் போனாள்.

மேல்கோட்டையில் குளத்துக்குப் பக்கத்துக் கட்டணக் கழிப்பிடத்தில் அன்று ஒரு சுற்றுலாப் பஸ் கூட்டம் வரிசையாக நின்றது. அவள் தன் முறைக்குக் காத்திருந்து வெளியே வந்தபோது, வண்டி நின்ற இடத்தில் ஏசித் தண்ணீர் சொட்டிய ஈரம் மட்டும் இருந்தது. அந்த ஈரத்தை ஒரு மாடு நக்கிக்கொண்டிருந்தது.

இடம் மாறி வந்துவிட்டோமோ என்று முதலில் நினைத்தாள். குளத்தைப் பார்த்தாள். மேலே மலைக்கோயிலைப் பார்த்தாள். இடம் மாறவில்லை. வண்டிதான் போய்விட்டது.

திரும்பி வருவார்கள் என்று நின்றாள். வெயில் ஏறியது. யாரும் வரவில்லை.

கழிப்பிடத்தில் காசு வாங்கும் சித்தம்மா தன் ஸ்டூலை எடுத்து நிழலில் போட்டாள். "உட்காரம்மா. யாரைத் தேடறே?" என்று கன்னடத்தில் கேட்டாள்.

"என் வீட்டுக்காரரும் பிள்ளையும் என்னை மறந்துட்டுப் போயிட்டாங்க."

சித்தம்மா சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். "நம்பர் சொல்லு."

சொர்ணலதா வாயைத் திறந்தாள். வீட்டுக்காரர் நம்பர் நினைவுக்கு வரவில்லை. பிள்ளையின் நம்பரும் வரவில்லை. போனில் பெயரைத் தொட்டுத்தானே கூப்பிட்டுப் பழக்கம். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். கணவர் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று போனில் பதியாமல் மனதிலேயே வைத்திருந்த நம்பர். பேசி முடித்ததும் ஒவ்வொரு முறையும் அழித்துவிடுவாள்.

விரல் தானாக அழுத்தியது.

"ஹலோ, யாரு?"

"நாந்தான் அம்மிணி."

"அம்மா? யாரு போனு இது?"

"என்னைய விட்டுட்டுப் போயிட்டாங்க சாமி."

"யாரும்மா?"

"எல்லாருந்தான். உங்கப்பன், உங்கண்ணன், அண்ணி, வண்டி, அடுப்பு… எல்லாம் போயிருச்சு. நான் மட்டும் மேல்கோட்டையில நிக்கறேன்."

ஜீவிதாவுக்குச் சிரிப்பும் பதற்றமும் ஒன்றாக வந்தன. "இரும்மா, அண்ணனுக்கு இப்பவே சொல்றேன்."

"சொல்லாதே."

"அம்மா!"

"சொல்லாதேங்கறேன். ஊரெல்லாம் சுத்திக் காட்டறேன்னு கூட்டிட்டு வந்தாங்க. பேலூர்ல அவங்க சிலை பாத்தாங்க, நான் ரசம் வெச்சேன். ஹளேபீட்ல நான் பாத்திரம் கழுவுனேன். வீட்டைத்தான் சக்கரத்து மேல வெச்சானே, அடுப்பையுமா கூட வெக்கணும்? நான் இல்லைன்னு அவங்களுக்கு எப்பத் தெரியுதுன்னு பாக்கறேன்."



"பாவம்மா அப்பா. பயந்துருவாரு."

"நான் பாவமில்லையா?"

அந்தச் சமயம் எதிரே ஒரு அரசுப் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி "மைசூர், மைசூர்" என்று கூவினார். சொர்ணலதா பஸ்ஸைப் பார்த்தாள். தன் கையிலிருந்த சின்ன பர்ஸைப் பார்த்தாள். அதில் ஆதார் கார்டு இருந்தது. கர்நாடக அரசுப் பஸ்ஸில் பெண்கள் அதைக் காட்டினால் போதும், டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம்.

"அம்மிணி, மைசூரு பஸ்ஸு நிக்குது. ஏறட்டுமா?"

மகள் உடனே பதில் சொன்னாள். "ஏறும்மா. பஸ் ஸ்டாண்டுல நான் வந்து நிக்கறேன்."

சொர்ணலதா சித்தம்மாவிடம் போனைக் கொடுத்தாள். "யாராச்சும் தேடிட்டு வந்தா, அந்தம்மா மைசூரு போயிட்டான்னு சொல்லிருங்க" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் பாத்திரம் இல்லை, காதுக்குப் பக்கத்தில் குக்கர் விசில் இல்லை. மலையிறக்கம், வயல், ஏரி, மறுபடி வயல். இந்தப் பயணத்தில் முதல்முறையாக அவள் வெளியே பார்த்துக்கொண்டு போனாள். எதிர்த்திசையில் ஒரு நீளமான வெள்ளை வண்டி அலறிக்கொண்டு மேல்கோட்டைப் பக்கம் போனதை மட்டும் கவனிக்கவில்லை. அப்போது கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தாள்.

*

"தமிழ்க்காரம்மாவா? மைசூர் பஸ் ஏறிட்டாங்களே" என்றாள் சித்தம்மா. "என் போன்லதான் பேசினாங்க."

"யார்கூட?"

சித்தம்மா போனை நீட்டினாள். பிரசாந்த் அந்த நம்பரைப் பார்த்தான். பார்த்தவன் அப்பாவைத் திரும்பிப் பார்க்கத் தயங்கினான்.

"யாருடா அது?"

"ஜீவி நம்பருங்கப்பா."

"உனக்கெப்படித் தெரியும்?"

பிரசாந்த் அந்தப் போனைச் சித்தம்மாவிடம் திருப்பிக் கொடுத்தான். கந்தசாமி மருமகள் பக்கம் திரும்பினார். ஸ்வாதி தன் போனைப் புடவை மடிப்புக்குள் மெல்ல இறக்கினாள்.

"உனக்கும் தெரியுமா?"

"தெரியும் மாமா."

கந்தசாமி ஸ்டூலில் உட்கார்ந்தார். கோபம் வர வேண்டிய நேரம். வரவில்லை. அவருடைய குடும்பத்தில் அந்த நம்பர் தெரியாதவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

"போடு" என்றார்.

"என்னங்கப்பா?"

"போனைப் போடுறா. சொர்ணா போய்ச் சேந்தாளான்னு கேளு."

பிரசாந்த் ஸ்பீக்கரில் போட்டான். ஜீவிதா ஒரே மணியில் எடுத்துவிட்டாள். "அண்ணா, அம்மா இப்பத்தான் வீட்டுக்கு வந்தாங்க. நல்லா இருக்காங்க."

கந்தசாமி முழங்கால்மேல் கையை ஊன்றித் தலையைக் குனிந்துகொண்டார். தோள் இரண்டு முறை குலுங்கியது. எதிரே இருந்த பெட்டிக்கடைக்காரர் பார்க்கிறாரே என்ற கூச்சம் அப்போது அவருக்கு இல்லை. சித்தம்மா ஒரு தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

குடித்துவிட்டு, மகனைப் பார்த்துச் சொன்னார். "சாப்பிட்டாளான்னு கேளு."

போனில் மகளின் குரல் வந்தது. "சாப்பிட்டுட்டு இருக்காங்கன்னு சொல்லு அண்ணா."

"தலைவலி எப்படி இருக்குதுன்னு கேளு."

"போயிருச்சுன்னு சொல்லு."

பிரசாந்த் இரண்டு பேருக்கும் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

*

மைசூர் ரிங் ரோடு வந்தது. பிரசாந்த் வேகத்தைக் குறைத்தான். அப்பா ஏதாவது சொல்வாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தான். அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஊருக்குள் நுழைந்தது.

குவெம்பு நகர் பக்கம் திரும்பும்போதுதான் பேசினார். "நான் வண்டியிலயே இருக்கறேன். நீ போயி உங்கம்மாளைக் கூட்டிட்டு வா."

"சரிங்கப்பா."

ஆனால் அந்தக் குறுக்குத் தெரு இந்த வண்டிக்கான தெரு இல்லை. ஒரு பக்கம் வீடு கட்ட ஜல்லி கொட்டியிருந்தது. மறுபக்கம் கரண்டு கம்பம். பிரசாந்த் பாதி நுழைந்த பிறகுதான் மேலே போக வழியில்லை என்று தெரிந்தது. பின்னால் எடுக்கலாம் என்றால் சாக்கடை மூடிய கல் ஒன்று உடைந்து கிடந்தது. இந்தப் பக்கம் ஒரு ஸ்கூட்டர், அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ. இரண்டும் ஹாரன் அடித்தன. ஒரு வீட்டு மாடியிலிருந்து யாரோ கன்னடத்தில் திட்டினார்கள். பிரசாந்த் ஒரு தடவை பின்னால் எடுத்தான். கல்லின்மேல் சக்கரம் ஏறி வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே பாத்திரமெல்லாம் உருண்டது.

"நிறுத்துறா, நிறுத்துறா!" கந்தசாமி கதவைத் திறந்து குதித்தார். வண்டிக்குப் பின்னால் ஓடி நின்று பார்த்தார். அவர் நிமிர்ந்தபோது ஓட்டுநர் கதவருகே ஜீவிதா நின்றிருந்தாள்.

மாடிப்படியிலிருந்து இறங்கி ஓடி வந்திருக்க வேண்டும். காலில் செருப்பில்லை. கொஞ்சம் இளைத்திருந்தாள். பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளியின் நீலச் சட்டை போட்டிருந்தாள்.

அப்பாவைப் பார்த்தாள். அண்ணனிடம் சொன்னாள்: "எறங்கு."

"ஜீவி, இது காரில்ல…"

"எங்க ஸ்கூல்ல டெம்போவும் இருக்குது. எறங்குண்ணா, ஆட்டோக்காரரு நம்மளை அடிக்க வர்றாரு."

ஏறி உட்கார்ந்தாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். இடது பக்கத்துக் கண்ணாடியில் கம்பம் தெரிந்தது. வலது பக்கத்தில் அப்பா தெரிந்தார். பின்னால் யாராவது நின்று சொன்னால்தான் எடுக்க முடியும். அவள் தலையை வெளியே நீட்டிக் காத்திருந்தாள்.

கந்தசாமி சுற்றும்முற்றும் பார்த்தார். பிரசாந்த் ஆட்டோக்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை.

கையைத் தூக்கினார். தொண்டையைச் செருமினார்.

"வா" என்றார்.

வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

"வா… வா… வலது பக்கம் ஒடிச்சுக்க. ஆங். வா அம்மிணி, வா. வரலாம் வா. பயப்படாதே, அப்பன் நிக்கறேன், வா…"

சக்கரம் கல்லைவிட்டு இறங்கியது. கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கையளவு இடைவெளி. அவர் அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் பின்னால் நடந்தார். பெரிய ரோடு வரும்வரை "வா, வா" என்று சொல்லிக்கொண்டே போனார். வண்டி நேராகி ஓரமாக நின்ற பிறகும் அவர் கை இறங்கவில்லை.

ஜீவிதா இறங்கி வந்தாள். கண் நிறைந்திருந்தது.

"போதுங்கப்பா, நிறுத்திட்டேன்" என்றாள்.

*

மாடி வீடு சின்னதுதான். ஒரு கூடம், ஒரு சமையலறை. சொர்ணலதா நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். கணவரைப் பார்த்ததும் காலை இறக்கினாள், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"எங்கெ போயிக் கண்டுபுடிச்சீங்க என்னைக் காணோம்னு?"

"ஸ்ரீரங்கபட்டணத்துல" என்றார் கந்தசாமி.

"அவ்வளவு தூரமா!"

"காபி வாங்கித் தரலாம்னு எழுப்பினேன்." அவர் அவள் எதிரே உட்கார்ந்தார். "நேத்து நான் சொன்னது தப்பு, சொர்ணா. பஸ்ஸு புடிச்சுப் போயிருவேன்னேன். நீ புடிச்சுட்டே."

சொர்ணலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாதி ஆப்பிளை அவரிடம் நீட்டினாள்.

ஸ்வாதி சமையலறைக்குள் போக எழுந்தாள். "இன்னிலிருந்து வண்டியில நானும் அவரும் சமைக்கறோம் அத்தை. இல்லைன்னா ஓட்டல்."

"ஓட்டலே போதும்" என்றான் பிரசாந்த் அவசரமாக.

ஜீவிதா காபி கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தாள். நகராமல் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லட்டுமா? மதன் மாமா என்னைத் திட்டியிருந்தா நான் வந்திருக்கமாட்டேன். பேசாமயே இருந்தாரு. ஒரே வீட்டுக்குள்ள, நான் ஒருத்தி இருக்கறதே தெரியாத மாதிரி. அதைத் தாங்க முடியாமத்தான் வெளிய வந்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "வந்தா நீங்களும் அதையே பண்ணுனீங்க."

கந்தசாமி காபியைத் தொடவில்லை. டம்ளரை ஓரமாக நகர்த்தினார்.

"எனக்கு அக்காளும் போயி, நீயும் போயி… யாரைக் கோவிச்சுக்கறதுன்னு தெரியல, அம்மிணி. உன்னையக் கோவிச்சுக்கிட்டேன். இனி பேசறேன். நீ போதும் போதும்னு சொன்னாலும் பேசறேன்."

அவள் அவர் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். அவர் கை தயங்கித் தயங்கி அவள் தலைமேல் வந்து நின்றது. சொர்ணலதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிரசாந்த் பெருமூச்சு விட்டான். அந்தச் சின்னக் கூடத்தில் இருந்த எல்லாரும் காலையிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சு அது.

அப்போது கந்தசாமியின் சட்டைப் பையில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தார். திரையில் 'அக்கா' என்று இருந்தது. அந்தப் பெயர் அதில் தெரிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது.

பச்சைப் பொத்தானைத் தொட்டார். காதில் வைக்கப் போனவர் தடுமாறி ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"கந்தா, சொர்ணா கெடச்சுட்டாளா?" ராணியின் குரல் பதறியது. "காலையிலிருந்து எனக்குச் சோறு எறங்கல. யாரும் ஒரு போன் பண்ணிச் சொல்ல மாட்டீங்களா?"

"கெடச்சுட்டா அக்கா. நல்லா இருக்கறா."

"மாரியாத்தா!" மறுமுனையில் நீண்ட மூச்சு. "எங்கெடா இருக்கறீங்க இப்போ?"

'மைசூரில்' என்று மட்டும் சொல்லியிருக்கலாம். பொய் இல்லை. கந்தசாமி மகளின் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மைசூருலக்கா. ஜீவிதா ஊட்டுல. எல்லாரும் இங்கதான் இருக்கறோம்."

போனில் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று பிரசாந்த் எட்டிப் பார்த்தான். வைக்கவில்லை. பின்னால் எங்கோ ஒரு சேவல் கூவுவது கேட்டது.

பிறகு ராணி பேசினாள். குரல் தாழ்ந்திருந்தது.

"போனை அம்மிணிகிட்டக் குடு."

கந்தசாமி மகளைப் பார்த்தார். தரட்டுமா என்று கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முடிவை அவளிடமே விட்டு, போனை நீட்டினார்.

ஜீவிதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க அத்தை" என்றாள்.